பதினேழாம் எண் வீட்டின் அடுப்புப் பெரும்போர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகள் வானத்துக்குக் கரும்புகைக் குடை பிடிக்க, உருக்காலைகளின் ஓயாத இடியோசை வெற்றி முரசென அதிர, இரும்புக்கம்பி ஏற்றிய லாரிகளின் நெடுவரிசை தேர்ப்படையென நகர்ந்து செல்ல, அத்தனைக்கும் பின்னால், வரைபடக்காரன் பெயரெழுத இடமின்றி விட்டுவிட்ட ஏரிக்கரைத் தெருவில், பதினேழாம் எண் என்னும் தளம் போட்ட கோட்டையைக் காத்து நின்ற கன்னியம்மாளே, முதல் வணக்கம் உனக்கு.

ஆலைக் கேன்டீனில் நாளொன்றுக்கு நானூறு தட்டுக் கழுவியும் தோள் சோராதவள். நியாயவிலைக் கடைத் தராசின் முள் இம்மியளவு நடுங்கினாலும் கண்டுபிடித்து, நிறுப்பவரையும் நடுங்கவைப்பவள். அனைத்துக்கும் மேலாக, ஒரே கூரையின் கீழ் நாலடி தொலைவில் வாழ்ந்த ஓரகத்தியிடம் மூன்று ஆண்டுகள் ஒரு சொல்லும் பேசாதிருந்த கடுந்தவத்தினள். அவள் புகழைப் பாடும்போதே அவளுக்கு எதிர்நின்ற மெர்சியின் புகழையும் பாடிவிடுவது முறை. ஏனெனில் நோஞ்சானை எதிர்த்து மௌனம் காப்பதில் யாருக்கும் பெருமையில்லை. மெர்சியோ, அட்டைப்பெட்டி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றபடி பெட்டி மடித்துவிட்டு வந்து, அதற்குப் பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வலிமை மிச்சம் வைத்திருந்தவள்.

இவ்விரு பேராற்றல்களையும் ஒரு வாசலுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அண்ணன் தம்பியான இரண்டு அப்பாவிகள். அண்ணன் ராஜமாணிக்கம், கிடங்கு ஒன்றின் வாசலில் காவலாளியாக நின்று, உள்ளே போகும் லாரிக்கும் வெளியே வரும் லாரிக்கும் ஒரேவிதமாக வணக்கம் வைப்பவன், கன்னியம்மாளின் கணவன். தம்பி லோகு, கம்பி உருட்டும் ஆலையில் ஒப்பந்தக் கூலி. கம்பெனிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மெர்சியை ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்து, ஏழாம் மாதம் கல்யாணம் செய்துகொண்டவன். தகப்பன் காலத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு அது. முன்னே ஒரு கூடம், பின்னே ஒரு சமையலறை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கதவெண்.

கல்யாணமான நான்காம் மாதம் மெர்சியின் தாய் மகளைப் பார்க்க வந்தாள். மெர்சி மீன்குழம்பு வைத்தாள். கன்னியம்மா அதை ஒரு வாய் சுவைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அதன் விளைவில் வேற்றுமை இல்லை. மறுநாளே லோகு, ஆலைக்கு எந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகைகளைத் தோளில் சுமந்து வந்து, கூடத்தின் நட்டநடுவே சுவராக அடித்தான். 'இப்பக்கம் மேலே' என்று அதில் அச்சிட்டிருந்த அம்புக்குறி தரையைப் பார்த்து நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் மெர்சி ஒற்றை அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் வாங்கித் தரையில் வைத்துத் தனி ராச்சியம் தொடங்கினாள். அன்றிலிருந்து பதினேழாம் எண்ணுக்குள் இரண்டு தாளிப்பு, இரண்டு குக்கர் ஓசை, இரண்டு தேசம்.

ஆயினும் அரசாங்கத்தின் ஏடுகளில் அந்த இரண்டாம் தேசம் பிறக்கவேயில்லை. பழைய ரேஷன் அட்டையிலிருந்து தன் பெயரை முறைப்படி நீக்கிக்கொண்ட லோகு, புதிய அட்டைக்கு மூன்று முறை படையெடுத்தான். முதல் முறை, வாடகை ஒப்பந்தம் எங்கே என்றார்கள். இரண்டாம் முறை, இந்தக் கதவெண்ணில்தான் ஏற்கெனவே ஓர் அட்டை இருக்கிறதே என்றார்கள். மூன்றாம் முறை ஒன்றுமே சொல்லவில்லை; 'பரிசீலனையில்' என்ற ஒற்றைச் சொல் அவன் கைப்பேசியில் ஓராண்டாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மேலுலகமும் இல்லாமல் கீழுலகமும் இல்லாமல் நடுவானில் தொங்கிய திரிசங்குவைப்போல், லோகுவும் மெர்சியும் பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்கள். திரிசங்குவாவது அங்கே அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்கினதாகத் தெரியவில்லை.

இவ்வாறிருக்க, கார்த்திகை மாதத்தில் கடலிலிருந்து கிளம்பியது புயல். இரண்டு நாள் மழை அம்புமாரியாகப் பொழிந்து, மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஏரி கரையை மீறியது. தெருவில் கணுக்கால் அளவு வந்த தண்ணீர், யாரும் அழைக்காமலே பதினேழாம் எண்ணின் நிலைப்படியைத் தாண்டி, கன்னியம்மாளின் பக்கத்தையும் மெர்சியின் பக்கத்தையும் ஒரே கணத்தில் கைப்பற்றியது. ஆடவர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது, கன்னியம்மாளின் கிரைண்டர் தரையில் நின்று தத்தளித்தது. ஒருத்தி தூக்கும் பாரம் அன்று அது. மூன்றாண்டு நோன்பு அந்த இடத்தில் முறிந்தது.

"மெர்சி, அந்த முனையப் புடி."

பலகைச் சுவரைச் சுற்றிக்கொண்டு மெர்சி வந்தாள். வந்து முனையைப் பிடித்தாள். இருவருமாகச் சமையல் மேடைமேல் அதை ஏற்றிவிட்டுத் திரும்பினால், மெர்சியின் சிலிண்டர், உள்ளே கேஸ் முக்கால்வாசி தீர்ந்து கனம் குறைந்திருந்ததால், எழுந்து மிதந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி விடைபெற்று, கப்பலேறும் இளவரசனைப்போல் தலைநிமிர்ந்து பின்வாசல் வழியே போய்க்கொண்டிருந்தது.

"என் சிலிண்டரு போவுதுக்கா."

"போனா போவட்டும். நீ மேல ஏறு மொதல்ல."

இருவரும் சமையல் மேடைமேல் ஏறி, கன்னியம்மாளின் அடுப்புக்கு இரண்டு பக்கமும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அங்கிருந்தபடியே பார்த்தார்கள்: மெர்சியின் ஒற்றை அடுப்பு சேற்றுக்குள் மூழ்கி மறைந்தது, பலகைச் சுவர் ஊறி, உப்பி, பெருமூச்சுவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் படுத்துக்கொண்டது. ஆடவர் இருவரும் இடுப்பளவு நீரில் நடந்து வந்து சேர மாலை நாலு மணியானது. அதற்குள் மேடைமேலிருந்த இருவரும் பால் இல்லாத டீ மூன்று முறை போட்டுக் குடித்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகளின் பேச்சுப் பாக்கியில் பெரும்பகுதியைத் தீர்த்தும்விட்டார்கள், மீன்குழம்பு ஒன்றைத் தவிர. அதை இரண்டு பேருமே, மேடை குறுகியது என்பதால், தொடாமல் விட்டார்கள்.

வெள்ளம் வடிந்தது. வடிந்த பிறகு மிஞ்சியது ஓர் அடுப்பு. விழுந்த பலகைகளை வெயிலில் காயவைத்து வெந்நீர் போட எரித்தார்கள். ஆலைகள் பன்னிரண்டு நாள் திறக்கவில்லை. ஒப்பந்தக் கூலிக்குத் திறக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. லோகுவின் பைக் எஞ்சினுக்குள் ஏரி புகுந்து உட்கார்ந்திருந்தது. கன்னியம்மா ஒரே பானையில் நாலு பேருக்கும் உலை வைத்தாள். மெர்சி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். இப்படி, பகை ஒழிந்து, சுவர் ஒழிந்து, அடுப்பும் ஒன்றாகி, இரண்டு தேசங்களும் இணைந்து இனிதிருந்த நன்னாளில்தான் அந்த அறிவிப்பு வந்தது.

வெள்ள நிவாரணம் உண்டு. ஆனால் யாருக்கு உண்டு என்பதில்தான் சாத்திரத்தின் நுட்பமெல்லாம் அடங்கியிருந்தது. வருமான வரி கட்டுபவருக்கு இல்லை. அரசு வேலைக்காரருக்கு இல்லை. நாலு சக்கர வாகனம் உடையவருக்கு இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நிவாரணம். குடும்பம் என்பது யாது என்னும், முனிவர்கள் காட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்விக்கு, நியாயவிலைக் கடைச் சுவரில் ஒட்டிய தாளிலேயே விடை இருந்தது. ராஜமாணிக்கம் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து, எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துச் சொன்னான்.

"அரிசி அட்டை வெச்சினுகீறவங்களுக்கு நேரா வந்துரும். அட்டை இல்லாதவங்க மனு குடுக்கணும். ஊட்டுக்கு வந்து பாப்பாங்க. தனிச் சமையல் இருந்தா தனிக் குடும்பம். ஒரே சமையல்னா ஒரே குடும்பம்."

"அடுப்பு தண்ணில போனதுக்குத்தானேண்ணா நிவாரணமே குடுக்கறாங்க" என்றான் லோகு.

"அடுப்பு இருந்தாத்தான்டா அடுப்பு போனதுக்குக் குடுப்பாங்க."

இந்த வாக்கியத்தை லோகு இரண்டு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அதில் ஓட்டை இல்லை என்று கண்டு, தலையில் கை வைத்துக்கொண்டான்.

கன்னியம்மாளுக்கு அட்டை உண்டு. அவள் பங்கு உறுதி. அவள் வாளாவிருந்திருக்கலாம். ஆனால் அன்று அவள் சொன்னது வேறு. "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு. எனக்கு வர டப்புல பாதி உனக்குக் குடுத்துர்றேன் மெர்சி."

மெர்சி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க்கா. எனக்கு என் பேர்ல வரணும். ஒரு லிஸ்ட்லயாவது என் பேரு வந்துச்சின்னா, அத எடுத்துக்கினு போயி அட்டை கேப்பேன். மூணு வருஷமா நான் எந்த லிஸ்ட்லயும் இல்ல."

அச்சொல்லைக் கேட்டுக் கன்னியம்மா எழுந்தாள். இழந்த நாட்டை மீட்டுத் தருவேன் என்று நண்பனுக்கு வாக்களித்த மன்னர்கள் உண்டு. தன்னோடு இணைந்துவிட்ட நாட்டை மறுபடி பிரித்துத் தருவேன் என்று வாள் உருவியவள் இவள் ஒருத்தியே. "தனி அடுப்புதானே காட்டணும்? காட்டுவோம்" என்றாள். கூடத்தின் நடுவே கொடி கட்டித் தன் இரண்டு புடவைகளைத் திரையாகத் தொங்கவிட்டாள். லோகு மெர்சி பேரில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் காலை மூன்று வீடு தள்ளிப் போய், தண்ணீரில் தப்பிய ஓர் அடுப்பை இரவல் வாங்கி வந்து திரைக்கு அந்தப் பக்கம் வைத்தான். அதில் ஒரு திருகு உடைந்து, அந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது.

அன்று முற்பகல் பதினோரு மணிக்குத் தெருமுனையில் தோன்றினார் குணசுந்தரி. வேறோர் அலுவலகத்திலிருந்து இந்தக் கணக்கெடுப்புக்கென்று அனுப்பப்பட்டவர்; வேப்பம்பட்டிலிருந்து மின்வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, நாள்தோறும் இரண்டரை மணி நேரம் பயணம் செய்து வந்து, சேற்றில் கால் வைத்து நடப்பவர்; இடக்கையில் மனுக்கட்டு, வலக்கையில் கைப்பேசி, தோளில் தண்ணீர்ப் புட்டி, கண்ணில் இருநூறு வீட்டுச் சமையலறைகளைப் பார்த்த களைப்பு. அவர் ஒரு கட்டத்தில் குறியிட்டால் குடும்பம் ஒன்று பிறக்கும். இன்னொரு கட்டத்தில் குறியிட்டால் பிறந்த குடும்பமும் மறையும். படைத்தலும் அழித்தலும் ஒருவர் கையில் இருந்தும் பயணப்படி மட்டும் அவர் கைக்கு இன்னும் வரவில்லை.

வந்தவர் திரையை விலக்கினார். அடுப்பைப் பார்த்தார். குனிந்து, துணி சுற்றிய திருகைப் பார்த்தார்.

"இந்த அடுப்ப நான் காலைலேர்ந்து மூணு வீட்ல பாத்துட்டேன்" என்றார்.

ராஜமாணிக்கம் அனிச்சையாக ஒரு வணக்கம் வைத்தான்.

"நெசமா இருந்துச்சி மேடம். தண்ணில போயிடுச்சி" என்றாள் மெர்சி.

"எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க. தண்ணில போனதெல்லாம் சேத்தா ஒரு அடுப்புக் கடையே வெக்கலாம்." அவர் குரலில் கோபம் இல்லை. சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார், ஒரு பானைச் சோறு, ஒரு சட்டிக் குழம்பு, கவிழ்த்து வைத்த நாலு தட்டு. "ஒரே பானை. ஒரே குழம்பு. நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு எழுதறது?"

"பாஞ்சு நாளாத்தான் மேடம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் நாங்க பேசிக்கவே மாட்டோம்" என்றாள் கன்னியம்மா.

"பாத்தா அப்படித் தெரியலையேம்மா."

தெரியவில்லைதான். மெர்சியின் தலையில் இருந்தது கன்னியம்மாளின் கிளிப்; கன்னியம்மா உடுத்தியிருந்தது மெர்சியின் நைட்டி. ராஜமாணிக்கம் மனைவியின் காதருகே குனிந்து, "சண்ட போடுங்க" என்று மெதுவாகச் சொன்னான். உடனே கன்னியம்மா போர்க்கோலம் பூண்டாள். இடுப்பில் கை வைத்தாள். புருவத்தை உயர்த்தினாள். மூன்றாண்டு வெறுப்பையெல்லாம் நெஞ்சின் அடியாழத்திலிருந்து இறைத்தெடுக்க முயன்றாள், கிணறு வற்றியிருந்தது.

"ஏய் மெர்சி. நீ சரியில்ல" என்றாள்.

"நீங்களுந்தாங்க்கா" என்றாள் மெர்சி. சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரு பெரும் படைகள் எதிரெதிரே வந்து நின்று, ஓர் அம்பும் விடாமல், வில்லைக் கீழே போட்டுவிட்டு முதுகு சொறிந்துகொண்டதைப்போல் முடிந்தது அந்தப் போர். குணசுந்தரி மனுவைப் புரட்டி, அழிக்கும் கட்டத்தருகே பேனா முனையைக் கொண்டுபோனார். லோகு அதைப் பார்க்க முடியாமல் வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தான். மெர்சியின் சிரிப்பு முந்தானைக்குள்ளேயே நின்றுபோனது. பேனா தாளைத் தொடுமுன், எழுதுகிற பழக்கத்தால் மட்டுமே, அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, எதுக்குத் தனியாப் போனீங்க? அதையாவது சொல்லுங்க."

"ஒண்ணும் பெருசா இல்ல மேடம்" என்று தொடங்கினாள் கன்னியம்மா, உள்ளதை உள்ளபடி சொல்லும் சாட்சியின் பணிவோடு. "இவங்கம்மா வந்திருந்தாங்க. இவ மீன்கொழம்பு வெச்சா. உப்பு கொஞ்சம் கம்மியா கீதுன்னு சொன்னேன். அதுக்குக் கோச்சிக்கினா."

மெர்சி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"உப்பு கம்மின்னா சொன்னீங்க?"

"வேற இன்னா சொன்னேன்?"

"இந்தத் தண்ணில மீனு இன்னும் நீந்திக்கினு கீதுன்னு சொன்னீங்க. எங்கம்மா எதிர்ல சொன்னீங்க. எங்கம்மா அன்னிக்கிச் சோறு துன்னாமயே பஸ் ஏறிட்டாங்க."

"நான் அப்பிடிச் சொல்லல."

"சொன்னீங்க. சொல்லிட்டுச் சிரிச்சீங்க."

மூண்டது போர். வெறும் நீறு என்று நினைத்து மிதித்த இடத்தில் நெருப்பு மலையே இருந்தது. பேச்சு பேச்சைத் துரத்த, ஒருத்தி எய்த சொல்லை மற்றவள் நடுவழியிலேயே வெட்டி வீழ்த்த, கொடியில் காயப்போட்ட துணியின் பழைய வழக்கும், குடிதண்ணீர்க் குழாயில் குடம் நகர்த்திய வழக்கும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கரண்டு யாருடைய மீட்டரில் ஓடியது என்னும் வழக்கும், தூங்கிக்கொண்டிருந்த வீரர்கள் போர்ப்பறை கேட்டு எழுவதைப்போல் ஒவ்வொன்றாய் எழுந்து அணிவகுத்தன. கூடத்தின் நடுவே தொங்கிய புடவைத்திரை இருவர் கையசைப்பிலும் படபடத்து, ஒருபுறம் அறுந்து, ராஜமாணிக்கத்தின் தலைமேல் விழுந்து, நடுநிலை நாட்டின் கொடியாய் அங்கேயே தங்கிவிட்டது. குணசுந்தரி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு என் ஊட்டு வேலையே தலைக்கு மேல" என்றாள் மெர்சி. "நீங்க காத்தால அஞ்சுக்கெல்லாம் கடுகு தாளிச்சி எழுப்பிவிட்டுருவீங்க. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுக்கறவ நானு."

"நீ மட்டும் இன்னா? வெள்ளிக்கெழமன்னு கூட பாக்காம கருவாடு வறுப்ப. நான் வெரதத்துல ஒக்காந்துகினு மோப்பம் புடிச்சிக்கினு இருக்கணும். ஞாயித்துக்கெழம ஆனா குக்கர்ல கறி. மூணு விசிலு வெப்ப. பருப்புக்கும் மூணு, கறிக்கும் மூணு. நாலாவது விசிலுக்கு உன் கையி போயி நிறுத்திரும். அதான் உன் ஊட்டுல எதுவும் வேவறதேயில்ல."

"என் ஊட்டு விசில எண்ணிக்கினா இருந்தீங்க, மூணு வருஷமா?"

"நாலடி தள்ளி அடிக்குது. காத மூடிக்கினா கீறது?"

குணசுந்தரியின் பேனா நகரத் தொடங்கியது. "மூணு விசில்னு சொன்னீங்க இல்ல?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அடுப்பை இரவல் வாங்கலாம். சுவரைப் புடவையால் செய்யலாம். ஆனால் ஓரகத்தியின் குக்கர் விசிலை மூன்றாண்டு எண்ணிவைத்த எரிச்சலை எந்த வீட்டிலும் போய் இரவல் வாங்கிவர முடியாது என்பதை, இருநூறு சமையலறை கண்ட அவர் அறிந்திருந்தார். ஒரே பானையில் உண்பவர் யாரும் அடுத்த பானை வேகவில்லை என்று கவலைப்படுவதில்லை.

அந்த அளவில் போர் நின்றிருக்கலாம். ஆனால் வெற்றி வெறியில் இருந்த கன்னியம்மா, உறையிலேயே இருக்கவேண்டிய ஓர் ஆயுதத்தையும் உருவிவிட்டாள்.

"போன வருஷம் ஆடி மாசம் பதினோரு நாளு உன் பக்கம் விசிலே வரல. அதயும் நான்தான் எண்ணுனேன். அப்ப லோகு கைல தினம் கூழு குடுத்தனுப்பனது யாருன்னு கேளு."

லோகு தரையைப் பார்த்தான். அந்த ஆடியில் ஒப்பந்தக்காரர் பாதிப் பேரை நிறுத்திவிட்டிருந்தார். மெர்சியும் காய்ச்சலில் கிடந்தாள். லோகு தினமும் தூக்கில் கூழ் கொண்டுவந்து, கோயிலில் ஊற்றினார்கள் என்று சொல்வான்.

மெர்சி லோகுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினோரு நாளும் கோயில்ல ஊத்துறாங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம ஜெபத்துல அந்தக் கோயிலுக்காக வேண்டிக்கினேங்க்கா நான்."

கன்னியம்மா இடுப்பில் வைத்திருந்த கையை இறக்கினாள். போர்க்களங்களில் இப்படியும் ஒரு கணம் வரும். வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே நேரத்தில் கை தளர்ந்துபோகும்.

குணசுந்தரி தொண்டையைச் செருமினார். "அந்தப் பதினோரு நாள நான் எழுதலம்மா" என்றார். பிறகு பிறப்பிக்கும் கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டார். மற்றக் கேள்விகள் மழைக்குப் பின் சொட்டும் தூறல்போல் தொடர்ந்தன. வருமான வரி கட்டுகிறீர்களா என்றார், லோகு சிரித்தான். நாலு சக்கர வாகனம் உண்டா என்றார். லோகு வாசலில் சேறு பூசி நின்ற இரண்டு சக்கரத்தைக் காட்டினான். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்துகொண்டார். இறுதியாக, குடும்பத்தை வீட்டின் முன் நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்றார்.

லோகுவும் மெர்சியும் வாசலில் நின்றார்கள். கன்னியம்மா, இரண்டு வாரப் பழக்கத்தில், மெர்சியின் பக்கத்தில் வந்து நின்று தலையைக் கோதிக்கொண்டாள்.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா" என்றார் குணசுந்தரி. "நீங்க வேற குடும்பம்."

எத்தனை பாடுபட்டுப் பெற்ற சொல் அது. கோட்டை மதிலில் ஏறிக் கொடிநாட்டி, குருதி சிந்தி வென்றெடுத்த தீர்ப்பு. அதைக் கேட்டதும் கன்னியம்மா ஏன் அப்படி விழித்தாள் என்று சொல்லக் காவியப் புலவர்களிடம் உவமை இல்லை. அவள் நாலடி தள்ளிப் போய் நின்றாள். படம் எடுக்கப்பட்டது. குணசுந்தரி புட்டியிலிருந்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வீட்டில் அதே இரவல் அடுப்பைச் சந்திக்கப் புறப்பட்டார்.

அதன்பின் மூன்று நாள் பதினேழாம் எண்ணில் மீண்டும் பழைய மௌனம் ஆண்டது. ஆனால் இது சுவரற்ற மௌனம்; ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைக்கும் சங்கடமான மௌனம். கன்னியம்மா சமைத்து முடித்து அடுப்பைத் துடைத்து விலகுவாள்; மெர்சி வந்து ஏற்றுவாள். நான்காம் நாள் மெர்சி குக்கரில் பருப்பு வைத்தாள். முதல் விசில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அவள் கை திருகை நோக்கி நீண்டது. நீண்ட கை அந்தரத்தில் நின்றது. கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாளின் விரலும் நின்றது. நாலாவது விசில் வீடு முழுக்க ஒலித்து, தெருவுக்கும் கேட்டது.

"இப்ப வெந்துருக்கும்" என்றாள் கன்னியம்மா, யாரையும் பார்க்காமல்.

"வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள் மெர்சி.

பட்டியல் தை பிறப்பதற்கு முன் நியாயவிலைக் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. நூற்று நாற்பத்தெட்டாம் வரிசையில் மெர்சியின் பெயர் இருந்தது. 'மெற்சி' என்று எழுத்துப் பிழையோடு இருந்தாலும், அரசாங்கம் அவளை அறிந்துகொண்டது அதுவே முதல் முறை. அவள் அதைக் கைப்பேசியில் ஆறு கோணத்தில் படமெடுத்தாள். கன்னியம்மா பக்கத்தில் நின்றிருந்த பெண்ணிடம், "நூத்தி நாப்பத்தெட்டு எங்க ஊடு" என்றாள். பிறகு தன்னுடையது வேறு எண் என்பது நினைவுக்கு வந்து, அதையும் காட்டினாள். பணம் வந்தது. பைக்கின் எஞ்சினைப் பிரித்துக் கழுவிய மெக்கானிக் அதில் பெரும்பங்கைக் கொண்டுபோனார். மீந்ததில் மெர்சி ஓர் அடுப்பு வாங்கினாள். இம்முறை ஒற்றையன்று, இரட்டை அடுப்பு, கண்ணாடி மேல்தட்டு, திருகைத் திருப்பினாலே தானே பற்றிக்கொள்வது.

வந்தது அந்த நன்னாள். வெள்ளிக்கிழமை மாலை, சமையல் மேடையின் கீழ்க்கோடியில் பழம்போர் கண்ட கன்னியம்மாளின் அடுப்பும், மேல்கோடியில் மஞ்சளும் குங்குமமும் தீட்டி, நடுவே சின்னச் சிலுவைப்படம் ஒட்டிய மெர்சியின் புத்தடுப்பும், முடிசூடக் காத்திருக்கும் இரட்டை மன்னர்களென வீற்றிருக்க, ராஜமாணிக்கம் சீருடையைக் கழற்றாமலே வந்து விறைப்பாக நிற்க, லோகு கற்பூரத்துக்கும் மெழுகுவத்திக்கும் இடையே எதை ஏற்றுவது என்று தெரியாமல் இரண்டையும் ஏற்ற, ஒரு குடையின்கீழ் இரண்டு அரசுகள் நிலைபெறும் அந்த மாபெரும் முகூர்த்தத்தில், முதற்கனல் எந்த அடுப்பில் எழும், எந்தக் குக்கர் முதலில் முழங்கும், எத்தனை முறை முழங்கும் என்று நால்வரும் மூச்சடக்கி நிற்க, கன்னியம்மா தன் திருகிலும் மெர்சி தன் திருகிலும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள்.

இரண்டு அடுப்புக்கும் பொதுவாயிருந்த ஒரே பழைய சிலிண்டரில் கேஸ் தீர்ந்திருந்தது, புது சிலிண்டர் திங்கட்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் கடையில் போய் இட்லி வாங்கி வந்து சாப்பிட்டார்கள்.